தீபாவை அஞ்சாப்பில் போடலாமா?

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி பதவி இசக்கிச்செல்வி கேட்டு வாங்கியதில்லை. தலைவியாக ஒரு பிள்ளையின் அம்மாதான் இருக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா அவள். அவ்வளவுதான் தகுதி. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, இந்த ஐப்பசியில் சண்முகராஜ் ஒரு தலைவலியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

பசுவந்தனைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன ஊரில் சண்முகராஜ் கொஞ்சம் நிலபுலன் உள்ள மனுசர். உளுந்தை விதைத்துவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் தன் மகளைப் பார்த்தார். மகள் தீபலட்சுமி படிப்பது மூன்றாம் வகுப்பு. ஆனால் உர மூட்டையில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் கடகடவென்று வாசித்து, "அப்பா, இத வெறுங்கையால தொடக்கூடாதாம்" என்று அவருக்கே புத்தி சொன்னாள். மனுசர் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்:

"எம் பிள்ளைய அஞ்சாப்புல போடுங்க சார். மூணாப்புல அவளுக்குப் படிக்க ஒண்ணுமில்ல. முடியாதுன்னா சொல்லிருங்க, கோவில்பட்டி பிரைவேட் ஸ்கூல் வேன் நம்ம தெருவுக்குள்ளயே வருது."

வேன் என்றதும் தலைமையாசிரியர் டேவிட்சன் சாருக்கு முகம் வாடிப்போனது. ஊர்ப் பிள்ளைகளில் பாதியை அந்த வேன் ஏற்கெனவே அள்ளிக்கொண்டு போயிருந்தது. மிச்சம் இருப்பது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர். ஒன்று முதல் மூன்று வரை கிருபா டீச்சர் ஓர் அறையில், நாலும் ஐந்தும் அடுத்த அறையில் சாரிடம்.

கிருபா டீச்சர்தான் முதலில் மறுத்தாள். "தீபா கெட்டிக்காரிதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா சின்னப் பிள்ள. பெரிய பிள்ளைக நடுவுல மருண்டு போயிருவா."

"நாளைக்கு எல்லாரும் எம் பிள்ளையும் கெட்டிக்காரிதான்னு வந்து நிப்பாவளே, அப்ப என்ன செய்வீங்க?" என்றாள் ஆறுமுகத்தாய். அவளுக்கு ஒன்றாம் வகுப்பில் ஒரு பேத்தி உண்டு.

ஆடு மேய்க்கிற தங்கச்சாமி ஒரு வழி வைத்திருந்தார். "எம் மவன் அஞ்சாப்புலதான் இருக்கான். அவன மூணாப்புக்கு எறக்கிக்கோங்க, இந்தப் பிள்ள மேல ஏறட்டும். ரெண்டு பேருக்கும் சரியாப் போவும்."

எல்லோரும் சிரித்தார்கள். சண்முகராஜ் சிரிக்கவில்லை. தலைவி என்ன சொல்கிறாள் என்று பார்த்தார்.

இசக்கிச்செல்வி தொண்டையைச் செருமிக்கொண்டாள். வயதுக்கு ஏற்ற வகுப்பு, கூடப் படிக்கிற பிள்ளைகளின் சிநேகிதம், அவசரப்பட்டால் பிஞ்சு மனசு கெட்டுப்போகும் என்று சும்மா பொளந்து கட்டினாள். அவளுக்கே ஆச்சரியம், இவ்வளவு பேச வருமா தனக்கு என்று.

அத்தனையும் வெறும் மேல்பூச்சு. அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் மகள் முத்துசெல்வி மூன்றாம் வகுப்பில் தீபாவுக்குப் பக்கத்தில் உட்காருகிறாள். இரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் முத்துவுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை. தீபாதான் விரலைப் பிடித்து வரிவரியாக இழுத்துக்கொண்டு போய் அவளை வாசிக்க வைத்தது. இசக்கிச்செல்வியும் இப்படித்தான், படிப்பு ஏறாமல் எட்டாவதோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். இன்றைக்கும் பெட்டி அடுக்கிவிட்டு அரை நாள் லீவு சொல்லித்தான் கூட்டத்துக்கு வந்திருக்கிறாள். தீபா போனால் முத்துவும் தன்னைப் போல ஆகிவிடுவாள் என்று அவள் பயந்தாள்.

கடைசியில் டேவிட்சன் சார் நடுவில் ஒரு பாதை போட்டார். "பதிவேட்டுல மூணாப்பே இருக்கட்டும். அடுத்த கூட்டம் வரைக்கும் அஞ்சாப்புல உக்கார வச்சுப் பாப்போம். சரிப்பட்டு வந்தா கமிட்டி தீர்மானம் போடட்டும், நான் வட்டார ஆபீசுக்கு எழுதுதேன்."

தீபா புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். முத்து கதவு வரைக்கும் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு இசக்கிச்செல்வி வீட்டில் தினமும் கச்சேரிதான். முத்து புத்தகத்தை விரித்ததும் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பாள். அங்கே அம்மா உட்கார்ந்திருப்பாள். பொறுமையாகத் தொடங்குகிற அம்மா, மூன்றாவது வரிக்குள், "ஏட்டி, நேத்துச் சொன்னதுதான இது, கண்ணு எங்க இருக்கு" என்று கத்தத் தொடங்கிவிடுவாள். பிள்ளை அழும். அம்மாவும் அடுப்படிக்குள் போய் மூக்கைச் சிந்துவாள்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகராஜே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பாதியாகிப் போயிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, மேலுக்கு முடியலையா?"

"எனக்கு என்ன தங்கச்சி, நான் கல்லு மாதிரி இருக்கேன். பிள்ளையத்தான் பாழாக்கிட்டேன். மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசான்னு சார் கேட்டாவளாம். இவ நாலுல ஒரு பங்குன்னு சொல்லிருக்கா. வகுப்பே சிரிச்சிருக்கு. தங்கச்சாமி மவன்கூடச் சிரிச்சானாம், அந்தப் பய." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எம் பிள்ள இன்ன வரைக்கும் ஒரு தப்புச் சொன்னதில்ல. மூணாப்புல மொத ஆளா ராணி மாதிரி இருந்தா. அவள அங்கனயே திருப்பிப் போட்டுருங்க. கமிட்டில நீதான் சொல்லணும்."

இசக்கிச்செல்வி சந்தோசத்தை மறைக்கப் படாதபாடு பட்டாள். "நீங்க கவலப்படாதீங்க அண்ணாச்சி. வர்ற கூட்டத்துல பேசி முடிச்சிருவோம்" என்று சொல்லி, அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொடுத்து அனுப்பினாள்.

கூட்டத்தன்று கொஞ்சம் முந்தியே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். சத்துணவு முடிந்து பிள்ளைகள் எல்லாம் வெளியே கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. தீபா மட்டும் வராந்தா மூலையில் உட்கார்ந்து, பழைய நோட்டுத் தாள்களை மடித்து மடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிலும் குப்பை. பாவம், பிள்ளைக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று இசக்கிச்செல்விக்குப் பதறியது.

"என்னட்டி செய்யுத?"

"மூணா மடிக்கதுதான் அத்தை கஷ்டம். நாலா மடிக்கது ஈசி." தீபா தலையைத் தூக்கவில்லை. "மூணுல ஒண்ணுதான் பெருசு. அது தெரிஞ்சிட்டு. ஆறுல ரெண்டும் அதுவும் ஒண்ணுதான்னு சார் சொல்லுதாவ. அது எப்படின்னுதான் தெரியல."

"எல்லாரும் சிரிச்சாவளாமே?"

"ஆமா. நானும் அன்னைக்கு அழுதேன்."

"திரும்பவும் மூணாப்புக்கே வந்துரு தாயி. அங்கன உனக்கு எல்லாம் தெரியும்லா?"

தீபா அப்போதுதான் நிமிர்ந்தாள். கோபமோ அழுகையோ இல்லை, விவரம் கேட்கிற முகம்தான்.

"அங்கன நான்தான எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணும். முத்துக்கு, அப்புறம் ரெண்டாப்புப் பிள்ளைகளுக்கு. டீச்சர் ஆபீசுக்கு ஏதாவது விவரம் போன்ல ஏத்திக்கிட்டே இருப்பாவ, என்னைப் பாத்துக்கச் சொல்லுவாவ. எனக்கு யாரு அத்தை சொல்லிக் குடுப்பா?"

எட்டு வயதுப் பிள்ளை. அந்தப் பிள்ளையைத்தான் இசக்கிச்செல்வி தன் மகளுக்குச் சம்பளமில்லாத டீச்சராக வைத்திருந்தாள், அதற்காகத்தான் கூட்டத்தில் அப்படிப் பேசினாள். நினைக்க நினைக்க அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கூட்டம் சுருக்கமாக முடிகிற மாதிரிதான் தொடங்கியது. தகப்பனே வேண்டாம் என்கிறார், பிறகென்ன? "நான் அப்பவே சொன்னேம்லா" என்றாள் ஆறுமுகத்தாய். கிருபா டீச்சர் முகம் மலர்ந்துபோய், தீபாவை மறுபடி மூன்றாம் வகுப்பிலேயே உட்கார வைக்கத் தீர்மானத்தை மளமளவென்று எழுதி, பேனாவைத் தலைவி பக்கம் நீட்டினாள்.

இசக்கிச்செல்வி பேனாவை வாங்கவில்லை.

"நான் போட மாட்டேன் டீச்சர்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சண்முகராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முத்துக்கு இப்ப வாசிப்பு திணறுது. தீபா வந்தா எனக்குத்தான் மொத லாபம். ஆனா எம் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கது தீபா வேல இல்ல டீச்சர். அது உங்க வேல."

கிருபா டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு வகுப்பு, ஒத்தை ஆளுக்கா. ஆபீசுல கேக்குற விவரத்தை எல்லாம் போன்ல ஏத்தவே பாதிப் பொழுது போயிருது. அந்தப் பிள்ளையும் இல்லன்னா நான் என்ன செய்ய?"

"தெரியும். உங்கள நான் குத்தம் சொல்லல. இன்னொரு டீச்சர் வேணும்னு தீர்மானம் எழுதுங்க, இப்பவே போடுதேன். ஆபீசுல கேக்கலைன்னா நாங்க எல்லாரும் நேர்ல வாரோம். அதுக்காக எட்டு வயசுப் பிள்ளைய வேலைக்கு வச்சிக்கிடக் கூடாது. நீங்களும் வச்சிருந்தீங்க, நானும் வச்சிருந்தேன்."

டேவிட்சன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எம் பிள்ள அங்கன தப்புத் தப்பாச் சொல்லுதாளே தங்கச்சி" என்றார் சண்முகராஜ். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"சொல்லட்டும் அண்ணாச்சி. இப்பத்தான அவ படிக்கவே வந்திருக்கா."

சண்முகராஜ் அரைமனதாகத் தலையாட்டினார். கிருபா டீச்சர் முந்தின தீர்மானத்தைக் குறுக்கே அடித்தாள். தீபா ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கட்டும், பள்ளிக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று புதுப் பக்கத்தில் எழுதினாள். இந்தத் தடவை இசக்கிச்செல்வி கையெழுத்துப் போட்டாள்.

வெளியே முத்து பையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "அம்மா, நாளைக்குத் தீபா எங்கூட உக்காருவாளா?"

"மாட்டா."

பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. பேனாவை வாங்கியிருந்தால் இந்த முகம் சிரித்திருக்கும். இசக்கிச்செல்வி குனிந்து மகளின் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நாளையில இருந்து நீ டீச்சர் பக்கத்துலயே போய் உக்காரு. தெரியலன்னா கேளு."

"சொல்லித் தரலன்னா?"

"திரும்பக் கேளு. அப்பவும் சொல்லித் தரலன்னா வீட்டுல வந்து சொல்லு, நான் வந்து கேக்கேன்."

கதவுப் பக்கம் நின்ற கிருபா டீச்சர் காதில் விழட்டும் என்றுதான் அதைச் சத்தமாகச் சொன்னாள்.