சின்ன பேட்டரிக்கு வைக்காத வெற்றிலை

பேட்டரி செத்துவிட்டால் அதன் உயிர் கோபித்துக்கொண்டு வேறு எங்காவது வேலைக்குப் போய்விடும். அதன் சொந்தக்காரர் வெற்றிலைத் தாம்பாளத்தோடு நேரில் போய் அழைத்தால் திரும்பி வரும். உடுமலையில் இது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறைதான். அதனால், வாங்கி வந்த பழைய மின்சாரக் கார் ஓர் அடிகூட நகராதபோது நாச்சிமுத்து பதறவில்லை. வெற்றிலை வாங்கிவரக் கிளம்பினார்.

அந்தக் காரை யாரோ மூன்று மழைக்காலம் மரத்தடியில் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடி ஓரமெல்லாம் பாசி. அதைப் போய் வாங்கியதற்குக் காரணம் மனைவி வஞ்சியம்மாளின் முழங்கால். அவளால் பஸ் படி ஏற முடியாது. தங்கை தெய்வானை பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். புதுவீடு குடிபோனபோது அக்கா நேரில் வந்து அழைக்காமல் போனில் சொல்லிவிட்டாள் என்று அவள் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. வாடகைக் காரில் போய் இறங்கினால், விருந்தாளி மாதிரி வந்தாள் என்று அதற்கும் ஒரு குறை வரும். தங்கை கண்மூடுவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வஞ்சியம்மாளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கார் நாச்சிமுத்துவின் பேரில் இருந்ததால் அவர் மட்டும் போனால் போதும். காரின் அடியில் அடுக்கியிருந்த பல பேட்டரிகளின் உயிர்களில் ஒன்று மாவு மில்லில் இருந்தது, ஒன்று கரும்புச்சாறு மெஷினில். மற்றவை கூட்டாகச் சேர்ந்து ஒரு பேன்சி ஸ்டோரின் சீரியல் விளக்கில் மினுக்கிக்கொண்டிருந்தன.

"மூணு மழை வெளிய கெடந்தோம். ஒருத்தர் எட்டிப் பாக்கல" என்றது மாவு மில்.

"நான் வாங்குனதே முந்தாநேத்துத்தானுங்க. பழச மனசுல வெச்சுக்காம வரோணும்."

மில் நின்றது. சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்து காரின் அடிவயிற்றில் உட்கார்ந்துவிட்டன. அப்படியும் கார் கண் திறக்கவில்லை.

மெக்கானிக் ரபீக் வந்து முன்மூடியைத் திறந்தான். "சின்ன பேட்டரியக் கூப்பிட்டீங்களாண்ணா?"

நாச்சிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பெருசுக எத்தன பேரு வந்து உக்காந்தாலும் எழுப்பி விடறது இவருதான். தாய்மாமன் மொற. மாமன உட்டுட்டு எந்தச் சீரு நடக்கும்?"

சின்னது வெகுதூரம் போகவில்லை. பக்கத்து வீட்டு காலிங்பெல்லில்தான் இருந்தது. நாச்சிமுத்து தாம்பாளத்தோடு நாளெல்லாம் தன்னைத் தாண்டித் தாண்டிப் போனதை அது பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்கு அவமானமாக இருந்தது. ஒரு புது வேட்டியும் சேர்த்து வைத்து, பெல்லின் முன்னால் தலைகுனிந்து நின்றார்.

"கடைசியிலயாச்சும் ஞாபகம் வந்துச்சே" என்று அடித்தது பெல்.

மறுநாள் காலையில் அவர்கள் கிளம்பும்போது ரபீக் சொல்லி அனுப்பினான். "இன்னிக்கு எங்கயும் ஆஃப் பண்ணிறாதீங்கண்ணா. காரியத்துக்குத்தான் கூப்புட்டாங்கன்னு நெனச்சு எறங்கிப் போயிருவாங்க. அப்புறம் எத்தன வெத்தல வெச்சாலும் வரமாட்டாங்க."

ஆஸ்பத்திரி வாசலில் நாச்சிமுத்து காரை அணைக்காமல் காத்திருந்தார். வஞ்சியம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

"தெய்வானையம்மாவா? காலைலயே போயிட்டாங்களே" என்றாள் நர்ஸ்.

"கோவிச்சுட்டா போனா?"

"அப்படித்தான் தெரிஞ்சுதுங்க. உசுரு பூ மார்க்கெட் பக்கமாத் திரும்புச்சு."

வஞ்சியம்மாள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு காருக்கு வந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை மிச்சம் இருந்தது.

பூ மார்க்கெட்டில் எலக்ட்ரானிக் தராசுகள் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் ஒரு பிடி கூடவே போய்ச் சேரும்படி எடை காட்டிக்கொண்டிருந்த ஒன்றை வஞ்சியம்மாள் பார்த்தவுடனே கண்டுகொண்டாள். தெய்வானைக்கு எப்போதும் தாராளக் கை. தாம்பாளத்தை அதன் முன்னால் நீட்டினாள்.

"போன்ல சொன்னது என் தப்புத்தான் கண்ணு. ஊட்டுக்கு வா."

தராசின் எண்கள் மின்னின.

"மச்சான் எங்கக்கா? கார்லயே உக்காந்துட்டாரா?"

வஞ்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். நாச்சிமுத்து ஸ்டியரிங்கைத் தொட்டு, "மாமா, மன்னிச்சுக்கோங்க" என்றார். காரை அணைத்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கி வந்து, தாம்பாளத்தின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தார்.

அணைந்துபோன தராசை ஓரமாகத் தள்ளிவிட்டு, பூக்காரர் அடுத்த ஆளுக்குக் கையாலேயே முழம் போட ஆரம்பித்தார்.