ஆறாம் கட்டிலின் காலிக் கட்டங்கள்

கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, தாண்டவராயன் மனைவியின் தோளுக்கடியிலும் இடுப்புக்கடியிலும் கை கொடுத்து அவளைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டினார். பக்கவாதத்தில் விழுந்த அம்சவல்லிக்கு வலது பக்கம் வராது. ஒரகடத்து ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் பகலில் மட்டும்தான் ஆண்களை விடுவார்கள். இரண்டு மணிக்கு ஒருதரம் நர்சு வந்து புரட்டிவிட்டு, அவளுடைய ஆறாம் கட்டிலில் தொங்கும் தாளின் கட்டத்தில் டிக் போடுவாள். ஒவ்வொரு டிக்கும் பில்லில் ஏறும் என்பது அவர் முடிவு. பிள்ளைப்பாக்கத்தில் அவர் நிலத்தை வாங்க வந்தவனும் சிரித்துக்கொண்டேதான் தாளை நீட்டினான். அரை ஏக்கர் என்று சொல்லி ஒன்றரைக்குக் கைநாட்டு வாங்கிப் போனான். அதனால் பகலில் வரும் நர்சை, "தூங்கினுகீறா, அப்பால வா" என்று விரட்டிவிட்டு, தானே புரட்டுவார்.

நர்சுகளுக்கெல்லாம் மேலான அமலா அந்தத் தாளோடு வந்து நின்றாள்.

"ஐயா, பகல்ல ஒரு கட்டம்கூட நிரம்பல. ஆனா அம்மா முதுகுல ஒரு சிவப்புகூட இல்ல. எப்படி?"

"அவ ஒடம்பு வாகு அது."

அமலா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். "மூணு மணிக்கு மீட்டிங். இந்த வார்டுக்கு இன்னொரு நர்சு கேக்கப்போறேன். வாயால சொன்னா பணம் ஒதுக்க மாட்டாங்க. புரட்டினா புண்ணு வராதுன்னு தாள்ல காட்டணும். இதைப் பாத்தா, புரட்டாமலே நல்லாத்தானே இருக்காங்க, நர்சு எதுக்குன்னு கேப்பாங்க."

தாண்டவராயன் எதிர்க் கட்டிலைப் பார்த்தார். தென்காசிப் பக்கத்துப் பெண் கவியா. கம்பெனி பஸ் விபத்தில் முதுகெலும்பில் அடி. கூட இருக்க ஆளில்லை. புரட்டிவிட ஒற்றை நர்சு வந்து சேர்வதற்குள் இடுப்பில் தோல் உரிந்து, நேற்றெல்லாம் அழுதாள்.

"டிக்கு போட்டா பில்லு ஏறாதா?"

"ஏறினா நான் இந்நேரம் பங்களா கட்டியிருப்பேன்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "நாந்தான் பொரட்னேன். கம்பெனி சங்கு ஊதறப்ப ஒருதபா, கம்பெனி பஸ்ஸு திரும்பறப்ப ஒருதபா. நடுவுலயும் வுட்டதில்ல."

"நெசமாம்மா?" என்று அமலா குனிந்தாள். அம்சவல்லி இடது கையால் அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள். பிடியை விடவில்லை.

அமலா டிக் போடவில்லை. 'புரட்டியவர்: கணவர்' என்று எழுதி, இரண்டு முறை படித்துக் காட்டி, மைப்பெட்டியைத் திறந்தாள். தாண்டவராயன் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. பெருவிரலை அழுத்தினார்.

அமலா போனபின், கவியாவைப் புரட்ட நர்சு தனியாக வந்தாள். விரிப்பைத் தூக்க எதிர்ப்புறம் ஆளைத் தேடினாள்.

"தள்ளு, நான் புடிக்கிறேன்."

பெண்ணைத் தொடாமல், விரிப்பின் முனையை மட்டும் சுருட்டிப் பிடித்தார். கவியா மெல்லப் பக்கம் மாறினாள். வெள்ளை விரிப்பின் ஓரத்தில் நீலமாக ஒரு பெருவிரல் பதிந்திருந்தது.