சிட்டுக்குப் புது மூக்கு

திகன என்ற ஊரில் இருந்த சிறிய கார் கம்பனியில் றம்லத் ஆறு வருடமாக வடிவமைப்பாளர். ‘சிட்டு’ என்ற அவர்களுடைய குட்டிக் கார் வந்து பத்து வருடமாகிவிட்டது. இளவட்டங்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. புதிதாக வரையும் பொறுப்பு றம்லத்துக்கு வந்தது. முன்பக்கத்தைத் தாழ்த்தி, கூராக நீட்டினாள். அவள் வரைந்ததிலேயே அழகான கோடு அது. முதலாளி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் பார்த்தவுடனேயே சம்மதித்துவிட்டார்.

மாதிரிக் கார் தயாரானதும் அவள் அதை ஹேவாஹெட்ட மலைக்குக் கொண்டுபோனாள். பழைய சிட்டை அங்கே எட்டு வருடமாக வாடகைக்கு ஓட்டிவந்த பொன்னையாவிடம் சாவியைக் கொடுத்தாள். ஹாஜியார் முன்னால் ஏறினார். பொன்னையாவின் மனைவி பேச்சியம்மாவும் றம்லத்தும் பின்னால். டிக்கியில் சந்தைக்குப் போகும் இரண்டு மூட்டை லீக்ஸ் மரக்கறி.

“தெனமும் போற மாதிரியே போங்க, பொன்னையா அண்ணன்.”

“சரிங்க மிஸ்.”

கார் ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறியது.

“காலை நல்லா நீட்டி உக்காரலாங்க,” என்றாள் பேச்சியம்மா.

இறக்கத்தில், ஒரு வளைவில், மழைத்தண்ணீர் ஓட ரோட்டின் குறுக்கே வெட்டிய கான் வந்தது. தடாலென்று ஒரு சத்தம். முன் பம்பர் உடைந்து தொங்கியது.

“கொஞ்சம் பாத்துப் போயீக்கலாமே,” என்றார் ஹாஜியார்.

பொன்னையாவின் முகம் சுண்டிப்போனது. “மெதுவாத்தாங்க மொதலாளி வந்தேன். பழைய வண்டியில இந்தக் கானைத் தெனம் தாண்டுறேன்.”

றம்லத் ரோட்டில் குந்தி, காருக்கும் தரைக்கும் இடையே கையை வைத்துப் பார்த்தாள். ஒரு சாண்கூட இல்லை. எழும்பும்போது அவளுக்குத் தெளிவாகிவிட்டது.

“அவர்ல பிழையில்ல, ஹாஜியார். நான் வரைஞ்சதுதான் பிழை.”

“நாளைக்குத் தகடு அடிக்கிற அச்சு செய்ய அனுப்புற படம், மகள்!”

“அனுப்ப வாணாம். மூணு கிழமை தாங்க. மூக்கைக் கட்டையாக்கி உசத்துறன்.”

“அழகு கொறைஞ்சிட்டா?”

“கொறையாது. எனக்குச் செய்ய ஏலும்.”

ஹாஜியார் பம்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “மூணு கிழமைதான்.”

பேச்சியம்மா மூட்டைக் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தாள். பம்பரைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

அந்த நீண்ட கோட்டை றம்லத் முதல் நாளே அழித்தாள். முன்சக்கரங்களை முனைக்குத் தள்ளினாள். விளக்குகளை மேலே ஏற்றினாள். பத்தொன்பதாம் நாள் களிமண் உருவத்தைச் சுற்றிவந்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. குட்டையான அந்த முகத்தில் ஒரு திமிர் இருந்தது. பழைய படத்தில் அது இல்லவே இல்லை. ஹாஜியார் வந்து பார்த்தார். இரண்டு தரம் சுற்றிவந்து, படத்தை அச்சுக்கு அனுப்பச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்துப் புதிய மாதிரியில் அதே நால்வரும் அந்த இறக்கத்துக்கு வந்தார்கள். வளைவு நெருங்கியதும் பொன்னையா பிரேக்கில் காலை வைத்தார்.

“வழமை மாதிரியே போங்க,” என்றாள் றம்லத்.

அவர் காலை எடுத்தார். கார் ஒரு தரம் குலுங்கிக் கானைத் தாண்டிப் போனது. பேச்சியம்மா கைதட்டினாள்.

“இன்னொருக்காப் போவோமா?” என்று ஹாஜியார் கேட்டு முடிப்பதற்குள் பொன்னையா காரைத் திருப்பியிருந்தார்.