நகர வாசலில் மூன்று லட்சம்

கொம்பியூட்டர் விளையாட்டில் உழைத்துத் தம்பியை மறியல் சிறையிலிருந்து எடுக்கலாம் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் ஐறீன் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. தம்பி நிக்கலஸைப் புலி என்ற சந்தேகத்தில் பொலிஸ் பிடித்து நாலு மாதம். வெள்ளிக்கிழமை வழக்கு. முப்பதினாயிரம் ரூபாய் வைக்காவிட்டால் வக்கீல் கோர்ட்டுப் பக்கமே வரமாட்டார்.

அதனால் கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ் பிடித்து வெள்ளவத்தை இன்ரநெற் கடைக்கு வந்தாள். விளையாட்டில் தன் வீரனைக் கொண்டு பேய்களைக் கொன்றால் பொற்காசு கிடைக்கும். மூன்று லட்சம் காசு சேர்த்தால் முப்பதினாயிரம் ரூபாய் தரக் கனடாவில் ஒருவன் இருந்தான். விளையாட்டுக்குள்ளேயே ஒரு பாங்கும் உண்டு. போடுகிற காசில் பத்துக்கு ஒன்றை அது விழுங்கிவிடும். வீரனின் மடியில் வைத்திருந்தால் முழுதாக இருக்கும், ஆனால் உங்களைக் கொன்றவன் அள்ளிக்கொண்டு போவான். சட்டமே அதுதான். முறைப்பாட்டுக்கு இடமில்லை.

மூளையுள்ளவர்கள் பாங்கில் போடுவார்கள். ஐறீன் எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்த பிள்ளை. "உடம்பில கிடந்ததுதான் மிஞ்சினது" என்று தாய் சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள். பக்கத்து இருக்கையில் விளையாடும் நவரத்தினம் பாமன்கடைப் பக்கத்தில் இருக்கும் வேலை போன கிளார்க். அவரும் அப்படித்தான்.

"மூண்டரை லட்சம் மடியில கிடக்கு தங்கச்சி. பாங்கை நம்பி என்னத்தைக் கண்டம்?" என்றார் அன்று.

விளையாட்டு நகரத்தின் வாசலில் இருவருடைய வீரர்களும் கனடாக்காரனுக்காகக் காத்து நின்றபோது கடைக்குள் பொலிஸ் நுழைந்தது.

"ஒக்கோம எளியட்ட."

அந்தச் சிங்கள உத்தரவுப்படி எல்லோரும் வெளியே போய் அடையாள அட்டையோடு காலி வீதியில் வரிசையில் நின்றார்கள். ஒரு நிமிடம் தாருங்கள், காசைப் பாங்கில் போடவேண்டும் என்று கேட்க ஐறீனுக்கு வாய் வரவில்லை. கனடாவுக்கு விற்கிற காசு என்று பொலிஸிடம் விளக்கி யார் வீடு போய்ச் சேர்ந்தது?

பெண்களை முதலில் விட்டார்கள். ஓடிவந்து பார்த்தாள். அவளுடைய வீரன் மண்ணில் கிடந்தான், மடியில் பூச்சியம். யாரோ ஒருவன் சும்மா நின்றவனை வெட்டி, மூன்று மாத உழைப்பைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான்.

விளையாட்டில் செத்தவன் எழும்பலாம். எழுப்பினாள். பக்கத்தில் நவரத்தினத்தின் வீரன் அசையாமல் நின்றான். நவரத்தினம் இன்னும் வரிசையில். கள்ளன் திரும்பி வந்தால் இதையும் எடுப்பான், எப்படியும் போகிற காசு என்று மனம் சொன்னது. நிக்கலஸின் முகத்தை நினைத்துக்கொண்டு வெட்டினாள். நேரே பாங்குக்கு ஓடி, பத்தில் ஒன்றை அழுது, மிச்சத்தைத் தன் பெயரில் போட்டாள்.

வெளியே ஜீப் உறுமியது. தமிழர் கொழும்பில் தங்க எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவு நவரத்தினத்துக்குக் காலாவதியாம், அவரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவில் ஐறீனைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, என்ர காசை ஒருக்காப் பாங்கில போட்டுவிடுங்கோ. மனுசி வந்து எடுப்பா."

அவள் தலையாட்டினாள். பிறகு திரும்பிப் போய், நகர வாசலுக்கு வந்திருந்த கனடாக்காரனுக்கு அந்தக் காசை விற்றாள்.

மறுநாள், வெளிநாட்டுக் காசைக் கைமாற்றும் உண்டியல்காரர் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன கையோடு, நவரத்தினத்தின் மனைவி வீடு தேடி வந்தாள். விளையாட்டுக் காசு கள்ளர் கையில் போய்விட்டதாகக் கடைக்காரர் சொன்னாராம். அதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"இவரையும் மறியலில போட்டிட்டாங்கள். உங்கட தம்பிக்குப் பேசிற வக்கீல் எவ்வளவு கேக்கிறார் பிள்ளை?"

"முப்பதாயிரம் அக்கா."

"ஐயோ, அவ்வளவுக்கு நான் எங்க போவன்?" என்று அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐறீனின் கைக்குள் முப்பதினாயிரமும் இருந்தது. கொடுத்துவிட மனம் வந்தது. கை வரவில்லை.