ஊசி போட்ட மாட்டின் பால்

புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. எதற்குச் சண்டை என்று கேட்டால் இருவருக்குமே சட்டென்று சொல்லத் தெரியாது. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதில் மட்டும் இருவரும் குறியாக இருந்தார்கள். வீம்பில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை.

அதனால்தான் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சாயங்காலம் மாட்டு டாக்டர் வந்து, செவலைப் பசுவின் காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனதை அவன் அவளிடம் சொல்லவில்லை. ஊசி போட்ட மாட்டின் பாலை ஐந்து நாளைக்குக் கறந்து கீழே கொட்ட வேண்டும். அதற்கு அடையாளமாகப் பின்னங்காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியதோடு கடமை முடிந்தது என்று படுத்துவிட்டான். புண்ணியவான் கட்டியது இடது காலில். அவள் உட்கார்ந்து கறப்பது வலப்பக்கம்.

காலையில் செவலையையும் இன்னொரு பசுவான கறுப்பியையும் கறந்து, ஒரே கேனில் ஊற்றி, பால் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்து சாணி அள்ளும்போதுதான் துணி அவள் கண்ணில் பட்டது.

“என்னங்க இது?” மூன்று நாள் வைராக்கியம் அதோடு போயிற்று.

பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். “ஊசி போட்டிருக்கு. நீ பாக்கலியா?”

“வாயத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துடும்? பால் நிலையத்துல ஊத்திட்டேனே!”

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். “சரி, விடு. அறுபது வீட்டுப் பால்ல இது எந்த மூலைக்கு? வெளிய மூச்சு விடாத.”

விட்டுவிடலாம் என்று அவளுக்கும் ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. பொய் சொல்வானேன். ஆனால் அடுத்த தெருத் தையல்காரி தன் கைக்குழந்தைக்குப் பால் நிலையத்தின் தொட்டியிலிருந்துதான் தினமும் பால் வாங்குகிறாள். அந்த ஊசி மருந்து குழந்தைக்கு ஆகவே ஆகாது, ஒரு துளிகூடப் படக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாணிக் கையோடு ஓடினாள்.

பால் நிலையத்துக்காரர் தையல்காரியின் தூக்கில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“குடுக்காதீங்க!” என்று வாசலிலிருந்தே கத்தினாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அவர் ஊற்றுவதை நிறுத்தினார். தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். அறுபது வீட்டுப் பால் சாக்கடையில் போனது. அதில் பாதிப்பேருக்கு இருப்பது ஒரே ஒரு மாடு. பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாமனாரின் மாத்திரையும் அதன் மடியில்தான் இருந்தன. காலிக் கேனை எடுக்க வந்தவர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாராவது நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

தையல்காரி தூக்கைக் கவிழ்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். நன்றி சொல்லத்தான் வருகிறாள் என்று இவள் நினைத்தாள்.

“அக்கா, போன மாசம் பாப்பாவுக்கு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு விடத் திணறி, ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கெடந்தோம். மருந்து எதுவும் குடுக்கலன்னு நான் சத்தியம் பண்ணியும் டாக்டர் நம்பல. அப்பவும் உங்க மாட்டுக்கு ஊசி போட்டிருந்தாங்களா?”

போட்டிருந்தார்கள். அந்தப் பாலைக் கொட்டினாளா, கேனில் ஊற்றினாளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

“தெரியலம்மா” என்றாள்.