ஓடாமைச் சான்றிதழ்

என் அண்ணன் கஸ்பார் பதினோரு வருஷமாகக் கரையிலிருந்து முந்நூறு அடி தள்ளி, வள்ளத்தில் நின்றுகொண்டிருந்தான். நல்ல வெயிலில் அவனுடைய சட்டைப் பொத்தான்கூடத் தெரியும்.

அவன் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வள்ளத்தில் பூட்டியிருந்தது அறுபத்தெட்டில் செய்த வெளிநாட்டு மோட்டார். கரையை விட்டு நகர்ந்ததுமே அது இருமி நின்றுபோனது. அண்ணன் அதைக் கழற்றி, இடுப்பளவு தண்ணீரில் நின்ற என் கையில் கொடுத்தான்.

"தொபியாஸ், சரி பண்ணிக் கொண்டு வால. நிக்கேன்" என்றான்.

பிறகு வள்ளம் முந்நூறு அடி நகர்ந்து நின்றது. அவனும் நின்றான்.

வேறு வள்ளங்கள் அவனைக் கூட்டிவரப் போனதுண்டு. அவை பத்து அடி போனால் அவன் பத்து அடி தள்ளிப் போவான். அவை திரும்பினால் பழைய இடத்துக்கு வந்துவிடுவான். நீந்திப் போனவர்களுக்கும் அதே கதிதான். அந்த மோட்டார் போனால்தான் தூரம் குறையும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எனவே நான் அலைந்தேன். பழுதான மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பதற்கு முன்னால், அது ஓடவில்லை என்று அரசாங்கம் எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் ஓடாமைச் சான்றிதழ். மாதம் ஒருமுறை மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு அலுவலகத்துக்குப் போனேன். முதல் வருஷம் அதன் நடைக்கூடத்தைக் கடக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிற்பாடு சோறு கட்டிக்கொண்டு போனேன்.

இதனால் எனக்கு நல்ல பெயர். அண்ணனுக்காக அலைகிற தம்பி என்று கோயிலில் முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். திருநாளில் சப்பரத்துக்கு முதல் தோள் என்னுடையது. ஊர்க்கூட்டத்தில் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து பேசினேன். அவனைவிட நன்றாகப் பேசுகிறேன் என்றார்கள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் மனைவி பெர்னதெத் தினமும் காலையில் கரையில் நின்று, வீட்டு விஷயங்களை அவனிடம் கத்திச் சொல்வாள். போன திங்கட்கிழமை ஒரு தாளோடு திரும்பி வந்தாள்.

"கொழுந்தனாரே, சனிக்கெழம வரைபடக்காரவ வாராவளாம். பத்து வருசத்துக்கு மேல ஒரே எடத்துல நிக்கதையெல்லாம் பாறைன்னு போட்டுருவாவளாம்."

"மனுசன்னு சொல்லலையா மதினி?"

"சொன்னேன். மனுசன்னா நகரணுமாம்."

அவள் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைச் சுரண்டினாள். கோபமாக இருப்பதுபோல் தெரியவில்லை.

"நீரு என்னதான் செய்யுதீரு?" என்று கேட்டாள். பதினோரு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதேயில்லை.

அன்றே மோட்டாரைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். நடைக்கூடத்தின் பாதியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே ஒருவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவர் இன்னும் பிறக்கவில்லை என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார்களாம். மோட்டாரைத் தோளில் ஏற்ற ஒரு கை கொடுத்துவிட்டுப் போனார்.

அதிகாரி அம்மாளின் இடது கை இழுப்பறையாகி மூன்று வருஷம் ஆகிறது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

"ஓடலையா?" என்றார்.

"ஓடல மேடம்."

"எப்படித் தெரியும்?"

"அண்ணன் சொன்னான்."

"அது பதினோரு வருஷத்துக்கு முன்னாடி. நீங்க ஸ்டார்ட் பண்ற கயித்தை இழுத்துப் பாத்தீங்களா?"

"சான்றிதழ் இல்லாம தொடக்கூடாதுல்லா மேடம்."

"அப்படி ஒரு விதியே இல்லையே. யார் சொன்னா?"

யோசித்துப் பார்த்தேன். நான்தான் சொல்லியிருந்தேன். முதலில் மதினியிடம் சொன்னேன். அப்புறம் ஊரில். கடைசியில் எனக்கே.

அவர் இடது கையை இழுத்துத் திறந்தார். உள்ளே நூற்று முப்பத்திரண்டு தாள்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே வரி: கயிற்றை இழுத்துப் பார்த்தாரா? பதிலுக்கான இடம் காலி. கீழே என் கையெழுத்து. கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் அழகாகிக்கொண்டே வந்திருந்தது.

"இன்னொரு தாள் தரட்டுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். திரும்பும்போது நடைக்கூடம் நான்கே எட்டில் முடிந்துவிட்டது.

நாலு நாள் மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமை காலை மெக்கானிக் மச்சாடு வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம் இருந்தது. மோட்டாரை அதில் இறக்கித்தான் ஓட்டிப் பார்ப்பார். ஆனால் டிரம்மில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

"இப்ப கடல் வத்தம். பத்து மணிக்குத்தான் ஏறும். இரும் ஓய்" என்றார்.

இருந்தேன். பத்து மணிக்கு டிரம்மில் அலையடித்துத் தண்ணீர் விளிம்புவரை ஏறியது. மச்சாடு பிளக்கைக் கழற்றினார். வாயால் ஊதினார். பனியனில் துடைத்துத் திரும்ப மாட்டினார். புது எண்ணெய் ஊற்றினார்.

"இழும்" என்றார்.

"நானா?"

"பொறவு யாரு? ஒம்ம அண்ணன் மோட்டாருதான?"

கயிற்றைப் பிடித்தேன். இழுத்தேன். ஒரே இழுப்பு. மோட்டார் ஓடியது. சத்தத்துக்கு முற்றத்துக் காகங்கள் பறந்தன. பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ கை தட்டினார்கள்.

மச்சாடு தட்டவில்லை.

"இதுல ஒரு கோளாறும் இல்ல ஓய். பிளக்குல துளி உப்பு. ஊதுனா போச்சு" என்றார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். டிரம்மிலிருந்த தண்ணீர் நான் நின்ற பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டது.

"எடுத்துட்டுப் போம்" என்றார்.

பக்கத்து வீட்டு வள்ளத்தைக் கேட்டு வாங்கி மோட்டாரைப் பூட்டினேன். மதினி கரையில் நின்றாள். முந்நூறு அடி இருநூறாயிற்று. இருநூறு நூறாயிற்று. இத்தனை சுலபம் என்று நான் நினைக்கவேயில்லை.

வரைபடக்காரர்கள் முந்திவிட்டிருந்தார்கள். மனுசனைத் தேடாமல் பாறையைத் தேடிப் போனவர்களுக்கு அவன் தள்ளிப் போகவில்லை. அண்ணனுக்கு இடுப்புவரை வெள்ளை அடித்தாகிவிட்டது. நெஞ்சில் எண் எழுதுவதற்காகத் தூரிகையை நனைத்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் சத்தம் கேட்டதும் அண்ணன் தலையைத் திருப்பினான். "நகருது" என்று ஒருவர் சொன்னார். குறித்துக்கொண்டார்கள். படகைத் திருப்பிக்கொண்டு அடுத்த பாறைக்குப் போனார்கள்.

"வந்துட்டியால" என்றான் அண்ணன்.

"வந்துட்டேண்ணே."

அவனுக்குக் கால் மடங்கவில்லை. இடுப்பைக் கட்டிப் பிடித்து, ஒரு பலகையைப்போல் என் வள்ளத்துக்குள் சாய்த்தேன். முகத்தில் உப்பு வெடித்திருந்தது. வள்ளத்தைத் திருப்பினேன். கொஞ்ச நேரம் அவன் மோட்டார் சத்தத்தையே கேட்டுக்கொண்டு கிடந்தான்.

"நல்லா ஓடுது."

"ஆமாண்ணே."

"என்னல கோளாறு?"

கரையில் மதினியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்திருந்தது. கையில் மாலை வைத்திருந்தார்கள். அது எனக்கான மாலை.

"கார்புரேட்டர்ண்ணே. பழைய மாடலு. சாமான் கெடைக்கல. அலையாத எடம் இல்ல" என்றேன்.

அண்ணன் கண்ணை மூடினான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து உப்பைக் கரைத்தது.

"நல்லதுல. நான் ஒன்னப் பத்தி வேற என்னமோன்னு நெனச்சிட்டேன்" என்றான். "எத்தன நாளு அப்பிடி நெனச்சிருக்கேன் தெரியுமா? மனசுல வச்சிக்காத."

என் முழங்காலில் கையை வைத்தான். தாங்கமுடியாத கனமாக இருந்தது.

கரையும் மாலையும் நெருங்குவதற்குள், மோட்டார் இப்போதாவது நின்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த எல்லாச் செபங்களையும் சொன்னேன். அது ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது.