மூன்று டப்பா சோடா

பரசுராமன் அண்ணன் படிப்பகத்துச் சுவரில் ஏணியைச் சாத்தி, மாடி விளிம்பில் இருந்த ஒலிபெருக்கிக் குழாயின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எதிரே சாயப்பட்டறையின் பின்கட்டில் அண்டாவுக்கு முன்னால் நின்றிருந்தேன். அப்போதுதான் ஐந்து கிலோ கச்சாப் பட்டு நூற்கற்றைகளைச் சிட்டம் சிட்டமாக மூங்கில் கழியில் கோத்து, சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் இறக்கியிருந்தேன். இறக்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். முன்னாடியே பார்த்திருந்தால் தலைவலி என்று சொல்லி வீட்டுக்குப் போயிருப்பேன்.

"இன்னாண்ணே, ரிப்பேரா?" என்றேன்.

"ரிப்பேரெல்லாம் இல்லமா. டி.வி. வருது. சாயங்காலம் ஆன்டெனா ஏத்துறாங்க. இது இனிமே எதுக்கு, காக்கா கூடு கட்றதுக்கா?"

"அப்ப ரேடியோ?"

"பொட்டி உள்ளதான் இருக்குது. கேக்கணும்னா உள்ள வந்து குந்திகினு கேளு. எவன் வரப்போறான்."

குழாயைத் தொப்பி மாதிரித் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஏணியில் இறங்கினார். தெருவில் போன இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழியைத் திருப்பினேன். எண்பத்து நாலாம் வருஷத்து ஆவணி. முகூர்த்தத்துக்குப் புடவை கேட்டுத் தறிக்காரர்கள் வாசலில் வந்து நின்ற நாட்கள். ஒரு நாளைக்கு மூன்று அண்டா. காலையில் வந்தால் பொழுது சாய்கிற வரையில் புகையும் ஆவியும்தான். இடுப்புக்குக் கீழே கால் இருக்கிறதா என்றே சாயங்காலம் தெரியாது.

பட்டு வேகவைப்பது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பூச்சி விட்ட பசை நூலின் மேலே இருக்கும். அது போனால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயம் ஒட்டும். கொஞ்சம் முன்னால் எடுத்துவிட்டால் சாயம் திட்டுத் திட்டாக நிற்கும். பின்னால் எடுத்தால் நூல் செத்துப்போகும். தறியில் ஏற்றினதும் பட்பட்டென்று அறும். எடுக்க வேண்டிய நேரம் ஒன்றுதான். அது அந்தத் தண்ணீரில் கை வைக்கிறவளுக்குத் தெரியும் என்று பெயர்.

தேவிகாபுரத்தில் களை பறித்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. எழுபத்தொன்றில் ஆரணிக்கு வந்தேன். அடுப்புக்கு விறகு தள்ள வைத்தார்கள். அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஒருநாள் வராமல் போக, முதலாளி வேணுகோபால் என்னை நிற்கச் சொன்னார். பயத்தில் எனக்குக் காதுதான் வேலை செய்தது. எதிர்ப் படிப்பகத்துக் குழாயில் பட்டணத்து ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கிழவர் நாதஸ்வரம் தொடங்கும்போது பட்டை இறக்குவார், விவசாயப் பேச்சும் முடிந்து பெண்கள் பகுதியும் முடிந்து வீணையில் நாலு தட்டுத் தட்டுவார்களே, அப்போது எடுப்பார். அவர் ரேடியோவைக் கேட்டு எடுத்தாரா, கையைக் கேட்டு எடுத்தாரா, அது எனக்குத் தெரியாது. நான் வீணைக்கு எடுத்தேன். சரியாக இருந்தது. மறுநாளும் சரியாக இருந்தது. இரண்டாவது அண்டாவுக்கும் மூன்றாவது அண்டாவுக்கும் அதே மாதிரி ஒரு பாட்டு, ஒரு செய்தி என்று பிடித்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் முதலாளி வருகிற தறிக்காரர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். "எங்க கெங்கம்மா கையிலதான்யா பதமே இருக்குது. படிச்சா வருமா இதெல்லாம்?" முன்கட்டில் அவர் தலைக்கு மேலே ஒரு கடிகாரம் மாட்டியிருந்தார். எனக்கு அதைப் பார்க்கத் தெரியாது. ஒருதரம், பின்கட்டுக்கும் ஒன்று வாங்கி மாட்டுங்களேன், யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லலாம் என்று மெதுவாகக் கேட்டேன். "உனக்கெதுக்கு கடியாரம், கைதான் கீதே" என்று சிரித்தார். பெருமையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பட்டணத்து ரேடியோ ஒரே மாதிரி இருந்ததில்லை. எழுபத்து மூன்றில் விவசாயப் பேச்சைப் பாதியாக வெட்டி, நடுவில் இரண்டு சினிமாப் பாட்டு வைத்தார்கள். தெருவே சந்தோஷப்பட்டது. நான் இரண்டு நாள் தூங்கவில்லை. அப்புறம் விளம்பரம் வந்தது. பல்பொடி, நீலம், தலைவலி மாத்திரை. பேஜார் என்று பரசுராமன் அண்ணன் திட்டுவார். எனக்கு அது உதவியாக இருந்தது. பல்பொடிக்கு இறக்கினால் மாத்திரைக்கு எடுக்கலாம். அதையும் ஒரு வருஷத்தில் மாற்றினார்கள். நாதஸ்வரம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது, நடுவில் எடுத்துவிட்டிருந்த பெண்கள் பகுதியும் அதன் முடிவில் வீணையும் திரும்ப வந்தன. மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே, முதல் தேதியிலிருந்து இன்னின்னது இந்த நேரம் என்று அறிவிப்பார்கள். மற்றவர்கள் அதைக் காதில் வாங்கமாட்டார்கள். நான் கழியைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலில் நிற்கிற மாதிரி நின்று கேட்பேன். புதிய ஏற்பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, எந்தப் பாட்டுக்கு இறக்கி எந்தப் பேச்சுக்கு எடுப்பது என்று வைத்துக்கொள்வேன். அந்தப் பக்கம் பட்டணத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பேசுகிற அம்மாவுக்கு, ஆரணியில் ஒருத்தி தன் குரலை வைத்துப் பட்டு வேகவைக்கிறாள் என்று தெரிந்திருக்குமா? பாவம், அவர்களுக்கு மேலேயும் ஒரு முதலாளி இருந்திருப்பார்.

அண்டாவில் என்னோடு வேலை செய்தது முனியம்மா அக்கா. தெள்ளாரு பக்கத்துக்காரி, என்னைவிட எட்டு வயசு பெரியவள். சோப்பு சீவுவது, சோடா அளந்து போடுவது அவள் வேலை. ஐந்து கிலோவுக்கு மூன்று டப்பா. பால்பவுடர் டப்பா ஒன்று வைத்திருந்தாள். விரலால் வழித்துச் சமமாக்கிப் போடுவாள். ஒன்று என்று சொல்லாமல் லாபத்தில் தொடங்கி, ஒவ்வொரு டப்பாவுக்கும் "லாபம், ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுவாள்.

எழுபத்தெட்டில் பங்குனித் திருவிழாவுக்கு நான் அம்மா வீட்டுக்குத் தேவிகாபுரம் போனேன். ஒரு நாள் என்று போனது எட்டு நாள் ஆகிவிட்டது, அம்மாவுக்குக் காய்ச்சல். ஏப்ரல் முதல் தேதி காலையில் முதல் பஸ்ஸில் ஏறி நேரே பட்டறைக்கு வந்தேன். சேலையைத் தூக்கிச் செருகும்போதே நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. இறக்கினேன்.

நாதஸ்வரம் முடிந்தது. பேச்சு வரவில்லை, பாட்டு வந்தது. ஏதோ தலைவர் பிறந்தநாளாக இருக்கும் என்று நினைத்தேன். பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு. அப்புறம் நாடகம் மாதிரி ஒன்று. மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள். பெண்கள் பகுதியில்தான் நாடகம் போடுகிறார்கள் போல, வீணை வரும் என்று நின்றேன். நூலைத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பு போய், விரலில் மெல்லிசாக ஒரு கிறீச்சு தட்டியது. எடு என்று கை சொன்னது. நன்றாக நினைவிருக்கிறது, சொன்னது. ஏழு வருஷமாக அந்தக் கையை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. வீணைக்குக் காத்திருந்தேன்.

"கெங்கா, இன்னுமா எடுக்கல?" என்றாள் முனியம்மா அக்கா.

"எனக்குத் தெரியும்கா."

வீணை வரவேயில்லை. அதை எடுத்துவிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். ஒரு வாரமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பத்தாம் நாள் தறிக்காரர் பொன்னுசாமி தறியில் ஏற்றிய பாவு நூலைச் சுருட்டிக்கொண்டு வந்து முதலாளி முன்னால் போட்டார். ஒரு இழையை எடுத்து இரண்டு விரலால் இழுத்தார். சத்தமே இல்லாமல் அறுந்தது. "நூலா இது, சேமியாவா? கண்ணாலத்துப் பொடவைங்க. நாலு நாளா ஊட்ல மூணு பேரு முடிச்சு போட்டுகினே இருக்கறம்" என்றார். கத்தவில்லை. களைத்துப்போயிருந்தார்.

முதலாளி பின்கட்டுக்கு வந்தார். "இன்னா ஆச்சி கெங்கம்மா? உன் கையில இப்டி வராதே."

அந்தக் கையைப் பற்றி அவர் பேசாமல் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. "சோடா தூக்கலா இருந்துதோ இன்னாவோ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அரை வார்த்தை.

முனியம்மா அக்கா டப்பாவோடு நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, டப்பாவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. லாபம், ரெண்டு, மூணு. மறுபடியும் முதலிலிருந்து. அன்றைக்கே அவளை அண்டாவிலிருந்து எடுத்து, அலசுகிற தொட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று நான் வேகவைத்துக் கொடுத்ததையெல்லாம் அலசுகிற வேலை. மழைக்காலத்தில் அவள் கால்விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வெந்து பிளந்திருக்கும். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு நடப்பாள்.

அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போது கேட்பாள்.

"கெங்கா, நான் அன்னிக்கு மூணுதான போட்டேன்? இல்ல, நாலு போட்டுட்டனா?"

"வுடுக்கா. பழைய கத."

"இல்லடி, லாபம்னு ரெண்டு தபா சொல்லிட்டனோன்னு ஒரு ரோசனை."

ஆறு வருஷம் இப்படிக் கேட்டாள். வீட்டில் உலைக்கு அரிசி போடும்போதுகூட ஆழாக்கை எண்ணி எண்ணிப் போடுகிறாள், மருமகள் கேலி செய்கிறாள் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பேன். ஏப்ரல் முடிவதற்குள்ளாகவே ரேடியோவின் புதிய ஏற்பாட்டைப் பழகிக்கொண்டேன். நாடகத்தில் மருமகள் அழுகிற இடத்துக்கு எடுக்க வேண்டும்.

நாதஸ்வரம் தொடங்கியதும் இறக்கியாயிற்று; இப்போது குழாய் இல்லை.

கழியைத் திருப்பினேன். தெருவில் எத்தனை சத்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். தறிகள் ஓடுகிற சத்தம், குழாயடியில் குடம், யாரோ இருமுவது. ஒன்றிலும் எனக்கு வேண்டியது இல்லை. பழைய நிகழ்ச்சியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நாதஸ்வரம், பாட்டு, மாமியார். நடுவிலேயே எங்கே விட்டேன் என்று தெரியாமல் போயிற்று. தண்ணீரில் கை விட்டு நூலைத் தொட்டேன். சூடுதான் தெரிந்தது. ஒரு தடவை சொல்லியும் கேட்காதவளுக்கு அந்தக் கை மறுபடியும் சொல்லவில்லை.

பரசுராமன் அண்ணன் உள்ளே ரேடியோ போட்டிருப்பார், ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். படிப்பகத்துக் கதவு பூட்டியிருந்தது. டி.வி. வைக்கப் பலகை வாங்கப் போயிருந்தார்.

தொட்டியில் முனியம்மா அக்கா குனிந்து முந்தின நாள் கடைசி அண்டாவின் சிட்டங்களை அலசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்து தூக்கி, உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, கட்டை விரலால் ஒரு தேய் தேய்த்து, பக்கத்தில் போட்டாள். ஒன்றை மட்டும் தேய்த்துவிட்டுத் தனியாக வைத்தாள். ஆறு வருஷமாகத் தினம் அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் தனியாக வைக்கிறாள் என்று கேட்டதில்லை.

"யக்கா."

"இன்னா?"

"அது ஏன்கா தனியா வச்ச?"

"இதுல பசை இன்னும் கொஞ்சம் கீது. கழியில நடுவுல மாட்டிகினு இருந்திருக்கும், தண்ணி ஏறல. மொதலாளி கிட்ட சொல்லல, நானே வெந்நீர்ல போட்டு எடுத்துடுவேன்." நிமிராமலே சொன்னாள். "எப்பவும் செய்றதுதான்."

அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. "இதக் கொஞ்சம் வந்து பாக்கறியா?" என்றேன்.

"நானா? உன் கைக்கு மேலயா என் கை?" சிரித்தாள். கிண்டலாகத் தெரியவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"என் கையில ஒண்ணும் இல்லக்கா. நான் ரேடியோவக் கேட்டுதான் எடுத்துகினு இருந்தேன். மொத நாள்லேர்ந்து. அன்னிக்கு, ஊர்லேர்ந்து வந்தேன் பாரு, அன்னிக்கு அவங்க வீணைய எடுத்துட்டாங்க. எனக்குத் தெரியாது. வீணை வரும்னு நின்னுகினே இருந்துட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்து நிமிர்வதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. தண்ணீர் அவள் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப சோடா?"

"சோடா சரியாத்தான்கா இருந்துது."

"மூணா?"

"மூணுதான்."

நான் திட்டுக்குக் காத்திருந்தேன்; வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேலை முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டாள். தொட்டிச் சுவரைப் பிடித்து ஒரு காலை வெளியே வைத்தாள், பிறகு மற்றக் காலை. ஈரக்கால் தடம் தரையில் விழ விழ அண்டா வரைக்கும் வந்து, எனக்கு எதிர்ப்பக்கம் நின்றாள். நடுவில் ஆவி. அவள் முகம் சரியாகத் தெரியவில்லை.

"மூணு" என்றாள், என்னிடம் இல்லை.

விறகு ஒன்று சரிந்து பொறி பறந்தது. கழிகளில் தொங்கிய பட்டு கொதியில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எதிர் மாடியில் குழாய் இருந்த இடத்தில் இரண்டு திருகாணி ஓட்டைகள் வெயிலில் தெரிந்தன. முனியம்மா அக்கா கையைத் தூக்கி ஆவியின் மேல் வைத்தாள். தண்ணீரில் விடவில்லை, பின்னுக்கு இழுத்துக்கொள்ளவும் இல்லை. வெளுத்துச் சுருங்கிய அந்த விரல்கள் எப்போது எடு என்று சொல்லும் என்று பார்த்துக்கொண்டு நான் நின்றேன்.